சிங்கப்பூரில் வேலையிடத்தில் காயம்பட்டால்: இழப்பீடு கோருவதற்கும் வேலைக்குத் திரும்புவதற்குமான வழிமுறை

சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் வந்து கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்ப்பவர்களுக்காக, குறிப்பாக வந்து சில மாதங்களே ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைத்தளத்தில் கம்பிக்கட்டு சரிந்து விழுந்து என் கால் எலும்பு முறிந்தபோது, எந்தத் தாளை எப்போது யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பதை முறையாக எடுத்துச் சொல்ல அருகில் யாரும் இல்லை. விடுதியில் கிடைத்த அறிவுரைகளில் பல தவறானவையாக இருந்தன. சில, மாறிப்போன பழைய சட்டத்தைப் பற்றியவை. இழப்பீடு கிடைக்கும்வரை நான் பட்ட அலைச்சலில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியதே என்பது முடிந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் விபத்து யார் தவறால் நடந்தது என்று கேட்பதில்லை. உங்கள் கவனக்குறைவால் நடந்திருந்தாலும் இழப்பீடு உண்டு. அந்தக் காயம் வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்டதா என்பது மட்டுமே கேள்வி. அதற்குச் சான்றாக நிற்பவை விபத்து நடந்த நாளிலும் அதை ஒட்டிய சில நாள்களிலும் எழுதப்பட்ட தாள்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் எவ்வளவு உண்மையாகப் பேசினாலும் அந்தத் தாள்களின் வலிமை உங்கள் பேச்சுக்கு வராது.

1. சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

இப்போது நடப்பில் உள்ளது 2019-ஆம் ஆண்டின் சட்டம். 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தின் கீழ் சம்பளம் பெறும் எல்லாரையும், எந்த நாட்டவர், என்ன வயது, எவ்வளவு சம்பளம் என்ற வேறுபாடின்றி, இது உள்ளடக்குகிறது. வீட்டுப் பணிப்பெண்களும் சொந்தமாகத் தொழில் செய்பவர்களும் இதில் சேரமாட்டார்கள். உடலுழைப்பு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் முதலாளி காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். எடுக்காத முதலாளிக்கு 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அவர் காப்பீடு எடுக்கவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. பணத்தை அவரே கொடுக்க வேண்டியிருக்கும்.

நிறுவனம் ஏற்பாடு செய்த லாரியிலோ பேருந்திலோ வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் வேலைக் காயமே. பொதுப் பேருந்திலோ ரயிலிலோ வேலைக்குப் போகும் வழியில் நடப்பது சேராது. குடிபோதையில் ஏற்பட்ட காயம், வேண்டுமென்றே ஏற்படுத்திக்கொண்ட காயம், தாமாக இறங்கிய சண்டையில் பட்ட காயம் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை. இரைச்சலால் காது மந்தமாவது போன்ற சில தொழில்சார் நோய்களுக்கும் இழப்பீடு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

2. காயம்பட்ட அன்றே தெரிவியுங்கள்

சூப்பர்வைசரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அதே செய்தியைக் கைப்பேசியில் எழுத்தாகவும் அனுப்புங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது, உடலில் எங்கே அடிபட்டது, அருகில் யார் இருந்தார்கள் என்ற ஆறு செய்திகளும் அதில் இருந்தால் போதும். தமிழில் எழுதினாலும் குற்றமில்லை. அனுப்பிய நேரம் பதிவாகிவிடுகிறது.

இடத்தையும் காயத்தையும் படமெடுத்து வையுங்கள். படமெடுக்கத் தடை உள்ள தளமாக இருந்தால், காயத்தை மட்டுமாவது வெளியே வந்து எடுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்தவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டால் அவரைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்; ஊர் எண்ணையும் சேர்த்து வாங்குவது நல்லது.

வலி சிறிதாக இருக்கிறது, இரண்டு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. முதுகுப் பிடிப்பும் முழங்கால் வலியும் அப்படித்தான் தொடங்குகின்றன. அன்று பதிவு இல்லாத முதுகுவலியை, விடுதியில் குளியலறையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று நிறுவனமோ காப்பீட்டாளரோ பின்னால் வாதிட முடியும்.

3. மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியம்

இந்த நடைமுறை முழுவதிலும் மிக முக்கியமான இடம் இதுதான் என்பது என் கருத்து. மருத்துவர் எப்படி நடந்தது என்று கேட்கும்போது, வேலைத்தளத்தில் இன்ன வேலை செய்யும்போது இப்படி அடிபட்டது என்று தெளிவாகச் சொல்லி, அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் காப்பீட்டாளரும் மனிதவள அமைச்சும் முதலில் புரட்டுவது அந்த முதல் நாள் குறிப்பைத்தான். உடன் வரும் நிறுவன ஆள் உங்களுக்காகப் பேசத் தொடங்கினால் பணிவாக இடைமறித்து நீங்களே சொல்லுங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால் தமிழ் தெரிந்த தாதியையோ மொழிபெயர்ப்பாளரையோ கேளுங்கள். அரசாங்க மருத்துவமனைகளில் தமிழ் பேசும் ஊழியர்கள் இருப்பது வழக்கம். வீட்டில் விழுந்ததாகச் சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது கேட்டுக்கொண்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பொய்ப்பதிவு, அதைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

அடிபட்ட எல்லா இடங்களையும் சொல்லுங்கள். கால் முறிந்திருக்கும்போது தோளில் உள்ள சிறு வலியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கால் ஆறிய பிறகு தோள் தூக்க முடியாமல் போனால், முதல் குறிப்பில் தோள் என்ற சொல்லே இல்லாதது பெரிய தடையாக நிற்கும்.

நிறுவனம் வழக்கமாக அனுப்பும் கிளினிக்கில் காயத்துக்குப் பொருந்தாத அளவுக்குக் குறைவாக, ஒன்றிரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) மட்டும் கொடுத்தால், அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நீங்களாகவே போகலாம். எலும்பு முறிவு, விரல் துண்டிப்பு, கண்ணில் காயம், தலையில் அடி என்றால் முதலிலேயே அங்கே போவதுதான் சரி.

4. நிறுவனம் அமைச்சுக்குத் தெரிவித்ததா என்று உறுதி செய்யுங்கள்

வேலைக் காயத்துக்காக ஒரு நாள் எம்.சி. கொடுக்கப்பட்டிருந்தாலும், லைட் டியூட்டி, அதாவது காயம் ஆறும்வரை இலகுவான வேலை மட்டும், கொடுக்கப்பட்டிருந்தாலும், முதலாளி அதை மனிதவள அமைச்சுக்கு 10 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்.சி. இருந்தால்தான் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. இன்றும் பலர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்ப வேண்டாம்.

பத்து நாள் கழித்து, தெரிவித்ததற்கான பதிவின் நகலை நிறுவனத்திடம் கேளுங்கள். கொடுக்க மறுத்தாலோ, தெரிவிக்கவே இல்லை என்று தெரிந்தாலோ, நீங்களே அமைச்சிடம் நேரடியாகத் தெரிவிக்கலாம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இழப்பீட்டுக் கோரிக்கையை விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பதிய வேண்டும். இந்த ஓராண்டைக் கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். அரசாங்க இணையச் சேவைகளில் நுழைவதற்கான சிங்பாஸ் கணக்கு இல்லாதவர்கள் காயம்படும் முன்பே, இன்றே, அதை உருவாக்கிக்கொள்வது நல்லது. இணையவழிச் சேவைகளுக்கு அது தேவைப்படும்.

5. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

எல்லாவற்றையும் படமெடுத்து, ஊரில் உள்ள நம்பகமான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். கைப்பேசி தொலைந்தாலும், விடுதி மாற்றப்பட்டுப் பெட்டி கைக்கு வராமல் போனாலும், அந்த நகல்கள் உதவும்.

அவை: ஒர்க் பெர்மிட்டின் இரு பக்கங்கள், வேலைக்கு வரும் முன் அமைச்சு அனுப்பிய கொள்கையளவு ஒப்புதல் கடிதம், அதாவது நாம் ஐ.பி.ஏ. என்று சொல்வது, கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம், வேலை நேர அட்டை, ஒவ்வொரு எம்.சி.யும் லைட் டியூட்டிச் சீட்டும். மருத்துவமனை முன்பதிவுச் சீட்டுகள், கட்டண ரசீதுகள், எக்ஸ்ரே அறிக்கைகள். விபத்தைப் பற்றி அனுப்பிய, பெற்ற செய்திகள். எம்.சி.யின் அசலை நிறுவனத்திடம் கொடுக்கும் முன் படமெடுக்காமல் கொடுக்காதீர்கள்.

சம்பளச் சான்றுகளுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், எல்லாத் தொகையும் விபத்துக்கு முந்தைய 12 மாதங்களின் சராசரி மாதச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. அந்தச் சராசரியில் ஓவர்டைம் பணமும் சேரும். நிறுவனம் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் உங்கள் இழப்பீடு அப்படியே சுருங்கிவிடும். அதை மறுக்க உங்களிடம் சீட்டும் வங்கிப் பதிவும் இருக்க வேண்டும்.

நிறுவனம் ஆங்கிலத்தில் நீட்டும் எந்தத் தாளிலும் பொருள் புரியாமல் கையெழுத்திடாதீர்கள். கோரிக்கையைக் கைவிடுகிறேன், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்ற வாசகங்கள் சாதாரண விடுப்புப் படிவம் போன்ற தாளில் இருக்கக்கூடும். படமெடுத்து, விளக்கம் கேட்டுவிட்டு நாளை தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

6. எம்.சி. காலச் சம்பளமும் மருத்துவச் செலவும்

வெளிநோயாளியாகப் பெற்ற எம்.சி.க்கு 14 நாள் வரையிலும், மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரையிலும் சராசரிச் சம்பளம் முழுமையாகக் கிடைக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட நாள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு; இது விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை தொடரும். சராசரி 1,200 வெள்ளி என்றால், முழுச் சம்பளக் காலம் முடிந்த பிறகு மாதம் 800 வெள்ளி வர வேண்டும். இந்தப் பணம் வழக்கமான சம்பள நாளில் வந்துவிட வேண்டும். காப்பீட்டாளர் கொடுத்த பிறகு தருகிறேன் என்று முதலாளி காத்திருக்க வைக்க முடியாது. ஒரு மாதம் வராமல் போனால் அந்த மாதமே புகார் செய்யுங்கள். பொறுத்துப் பொறுத்து ஐந்தாறு மாதம் சேர்ந்த பிறகு, ஊரில் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும் நிலையில், கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்ற மனநிலைக்குத் தள்ளப்படுகிறோம். இப்படிப் பாதியில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிகவும் வருத்தமான விஷயம் அது.

மருத்துவச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். 2025 நவம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்த விபத்துகளுக்கு உச்ச வரம்பு 53,000 வெள்ளி அல்லது விபத்து நாளிலிருந்து ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. அதற்கு முன் நடந்தவற்றுக்கு வரம்பு 45,000 வெள்ளி. அறுவைச் சிகிச்சை, மருந்து, உடற்பயிற்சிச் சிகிச்சை, செயற்கை உறுப்பு ஆகியவை இதில் அடங்கும். மருத்துவமனை, செலவை ஏற்பதாக நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம் இல்லாமல் அடுத்த சிகிச்சைக்குத் தேதி தரத் தயங்கினால், உடனே அமைச்சுக்கோ கீழே சொல்லப்போகும் அமைப்புகளுக்கோ தெரிவியுங்கள். ஒர்க் பெர்மிட்காரரின் மருத்துவச் சிகிச்சைக்கும் தங்குமிடத்துக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்பது பெர்மிட்டின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது.

7. லைட் டியூட்டியும் வேலைக்குத் திரும்புவதும்

எம்.சி. முடிந்ததும் மருத்துவர் லைட் டியூட்டி எழுதுவார். அந்தச் சீட்டில் அந்த இரண்டு சொற்கள் மட்டும் இருந்தால் அதனால் பயன் குறைவு. எவ்வளவு எடை தூக்கலாம், ஏணியிலும் சாரத்திலும் ஏறலாமா, எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்கலாம், அடிபட்ட கையைப் பயன்படுத்தலாமா என்பவற்றை எழுதித் தருமாறு கேளுங்கள். சூப்பர்வைசருக்கும் எது கூடாது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். பல சமயம் அவர் கெட்ட எண்ணத்தால் அல்ல, தெரியாததால்தான் பழைய வேலைக்கே அனுப்புகிறார்.

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பது மருத்துவருக்குத் தெரியாது. கட்டுமானத் தொழிலாளி என்று மட்டும் சொல்வதைவிட, நாள் முழுவதும் குனிந்து கம்பி கட்டுகிறேன், சிமெண்டு மூட்டை தூக்குகிறேன் என்று சொன்னால் அவர் எழுதுவது வேறாக இருக்கும்.

நிறுவனத்தில் அப்படிப்பட்ட இலகுவான வேலை இல்லை என்று சொன்னால் மருத்துவரிடமே திரும்பிப் போய் அதைச் சொல்லுங்கள். லைட் டியூட்டி நாள்களுக்கும் 2020 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. சம்பளம் குறைந்தால் அந்தக் குறைவையும் இழப்பீட்டில் கணக்கிட வேண்டும். ஓவர்டைம் இல்லாததால் கைக்கு வருவது குறைகிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். செய்த வேலையையும் வலியையும் தினமும் ஒரு வரி எழுதி வைப்பது, மறு பரிசோதனையின்போது மிகவும் பயன்படும்.

அரசாங்க மருத்துவமனைகளில் வேலைக்குத் திரும்ப உதவும் ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரிடமும் முதலாளியிடமும் பேசி, எந்த வேலையை எப்போது தொடங்கலாம் என்று படிப்படியான திட்டம் வகுப்பார்கள்; தேவைப்பட்டால் வேலையிடத்தையும் பார்வையிடுவார்கள். யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள். எலும்பு மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களே கேளுங்கள். மூன்று தரப்பையும் ஒரே பேச்சுக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை.

பழைய வேலைக்கு முழுமையாகத் திரும்பிவிட்டதால் கோரிக்கை முடிந்துபோகாது. நிரந்தரப் பாதிப்பு இருந்தால் அதற்கான தொகை தனி. வேலை செய்துகொண்டே அதைப் பெறலாம்.

8. நிரந்தரப் பாதிப்பு மதிப்பீடு

வழக்கமாக விபத்து நடந்து 6 மாதத்துக்குப் பிறகு மருத்துவர் பாதிப்பை விழுக்காட்டில் மதிப்பிடுவார். தொகைக்கான கணக்கு இதுதான்: சராசரி மாதச் சம்பளம், வயதுக்குரிய பெருக்கெண், பாதிப்பு விழுக்காடு மூன்றையும் பெருக்க வேண்டும். 40 வயதைத் தாண்டாதவர்களுக்குப் பெருக்கெண் 181. வயது கூடக் கூட அது குறைந்து, 66-உம் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 72 ஆகிறது.

35 வயது, சராசரிச் சம்பளம் 1,200 வெள்ளி, பாதிப்பு 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். தொகை 17,376 வெள்ளி. அதே ஆளுக்கு ஓவர்டைமைச் சேர்க்காமல் 800 வெள்ளி என்று கணக்கிட்டால் 11,584 வெள்ளிதான் வரும். ஐந்தாவது படியில் சம்பளச் சீட்டுகளைப் பற்றி அவ்வளவு சொன்னதன் காரணம் இந்த 5,792 வெள்ளி வேறுபாடு.

கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு, முழு நிரந்தரப் பாதிப்புக்கான குறைந்த தொகை 116,000 வெள்ளி, உச்சம் 346,000 வெள்ளி. உங்கள் விழுக்காட்டை இந்த இரண்டாலும் பெருக்கி வரும் எல்லைகளுக்குள் தொகை இருக்கும். முன்பு நடந்த விபத்துகளுக்கு இவை 97,000, 289,000 வெள்ளியாக இருந்தன. உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது இப்போது 91,000 வெள்ளி முதல் 269,000 வெள்ளி வரை. எந்த வரம்பு பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது விபத்து நடந்த தேதி. கோரிக்கை பதிந்த தேதி அல்ல.

மதிப்பீட்டு நாளில் வலியை மறைத்துத் தைரியம் காட்டவும் வேண்டாம், கூட்டிச் சொல்லவும் வேண்டாம். எதைப் பிடிக்க முடியவில்லை, எவ்வளவு மடக்க முடிகிறது, எங்கே மரத்துப்போயிருக்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள்.

9. கணக்கீட்டு அறிவிப்பு வந்ததும் 14 நாள்

தொகையைக் குறிப்பிட்டு அறிவிப்புக் கடிதம் வரும். அதில் சம்பளம், வயது, விழுக்காடு மூன்றையும் நீங்களே சரிபாருங்கள். ஏதேனும் தவறு இருந்தால் 14 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அதுவே இறுதி. அப்போது 21 நாளுக்குள் பணம் கொடுக்கப்பட வேண்டும். கடிதம் பழைய விடுதி முகவரிக்குப் போய்விடும் ஆபத்து இருப்பதால், விடுதியோ எண்ணோ மாறினால் அமைச்சிடம் உடனே தெரிவியுங்கள்.

நிறுவனத்தின் அலட்சியத்தால் விபத்து நடந்தது என்று நிரூபிக்க முடிந்தால், இந்தச் சட்டத்தின் கீழ் கோருவதற்குப் பதிலாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். தொகை கூடுதலாகக் கிடைக்கக்கூடும். ஆனால் தவறு யாருடையது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும், காலமும் கட்டணமும் ஆகும். இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் போக முடியாது. விடுதி வாசலிலோ மருத்துவமனை வாசலிலோ வந்து, பெரிய தொகை வாங்கித் தருகிறேன் என்று கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகர்களிடம் இந்த முடிவை ஒப்படைக்காதீர்கள். மிகக் கடுமையான காயங்கள் தவிர மற்றவற்றுக்கு இந்தச் சட்டத்தின் வழியே போதும் என்பது என் எண்ணம்.

10. பெர்மிட்டை ரத்து செய்தால்

பெர்மிட் ரத்தானாலும் கோரிக்கை ரத்தாகாது. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் கொடுக்கப்படும். அதில் பொதுவாக வேலை செய்ய முடியாது. அனுமதி இல்லாமல் வெளியில் கைவேலை பார்த்துப் பிடிபட்டால் உங்கள் நிலை மிகவும் சிக்கலாகிவிடும். ஸ்பெஷல் பாஸின் முடிவுத் தேதியைக் கவனமாகப் பார்த்து முன்கூட்டியே புதுப்பியுங்கள்.

விருப்பத்துக்கு மாறாக விமான நிலையத்துக்கு அழைத்துச் சென்றால், குடிநுழைவு முகப்பில் உள்ள அதிகாரியிடம், எனக்கு வேலைக் காயக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது, நான் போக விரும்பவில்லை என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாவிட்டால், கோரிக்கை எண் உள்ள தாளைக் காட்டுங்கள். அதனால் அந்தத் தாளின் படம் எப்போதும் கைப்பேசியில் இருக்கட்டும். கடவுச்சீட்டு உங்களிடமே இருக்க வேண்டும். அதை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது.

நீங்களே விரும்பி ஊருக்குப் போவதாக இருந்தால், மதிப்பீடு முடிந்த பிறகு போவது நல்லது. போகும் முன் ஊர் முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அமைச்சிடமும் காப்பீட்டாளரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

11. உதவி கேட்க வேண்டிய இடங்கள்

மனிதவள அமைச்சின் எண் 6438 5122. அதன் சேவை நிலையம் 1500 பெண்டிமியர் சாலையில் இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. டி.டபிள்யூ.சி.2, ஹெல்த்சர்வ், ஹோம் ஆகிய தொண்டு அமைப்புகளும் காயம்பட்ட தொழிலாளர்களுக்கு உதவுகின்றன. போகும்போது ஐந்தாவது படியில் சொன்ன தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். விபத்து நடந்த தேதி, முதல் மருத்துவரைப் பார்த்த தேதி, கடைசியாகச் சம்பளம் வந்த தேதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் மேலே எழுதி வைத்திருந்தால், முதல் சந்திப்பிலேயே உங்கள் கோரிக்கை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவர்களால் சொல்லிவிட முடியும்.